குரலை உயர்த்தாத பதினொரு பாடல்கள்

கர்நாடக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவளுக்குப் பிடிக்கவே கூடாத ஆல்பம் ஒன்று உண்டென்றால், அது பாடகி கிளேரோவின் 'இம்யூனிட்டி'தான். 2019 ஆகஸ்டில் வெளிவந்தது. பதினொரு பாடல்கள். எதிலும் அந்த அமெரிக்கப் பெண் தொண்டையை முழுசாகத் திறப்பதில்லை. வார இறுதியில் என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்காரும் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது, "அகாரத்தில் பாடு, வாயைத் திற, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும்" என்பதுதான். இவரோ, அடுத்த அறையில் தூங்குகிறவர் விழித்துக்கொள்ளக் கூடாது என்ற கவலையோடு பாடுகிறார். அப்படிப்பட்ட ஆல்பம் என் கைப்பேசியில் நிரந்தரவாசம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எப்படி என்று எழுதிவைத்தால், 'இதில் என்ன இருக்கிறது' என்று பாதியில் நிறுத்திவிட்ட சிலருக்காவது உதவும்.

அனுப்பியவள் என்னிடம் வர்ணம் வரை வந்திருக்கும் ஒரு மாணவி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். "டீச்சர், ஸ்பீக்கரில் வேண்டாம், ஹெட்போனில் கேளுங்கள்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள். வேறு விளக்கம் இல்லை. நான் கேட்டது சிங்கப்பூரின் வடக்கு கிழக்கு ரயில் பாதையில், செங்காங்கிலிருந்து ஊருக்குள் போகும் காலை நெரிசலில். முதல் பாட்டில் ஒரு பியானோ கேட்டது; அதன் பின்னால் யாரோ ஏதோ சொல்கிற மாதிரி இருந்தது. ஒலியைக் கூட்டினேன். ச, ஷ ஓசைகள்தாம் காதில் கீறின. குரல் கிட்டே வரவில்லை. பொத்தோங் பாசிர் வருவதற்குள் நிறுத்திவிட்டு, வழக்கம்போல் மதுரை மணி ஐயரிடம் போய்விட்டேன்.

குற்றம் பாட்டில் இல்லை, ரயிலில் இருக்கிறது. அந்தப் பாதை முழுக்கச் சுரங்கத்திலேயே ஓடுவது. சுரங்கத்தின் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ச்சுருதி உறுமல். இந்த வகைப் பாட்டின் உயிரும் கீழ்ச்சுருதியில்தான் இருக்கிறது: நெஞ்சிலிருந்து வரும் அடிக்குரல், பேஸ் கிட்டார், மெத்தென்ற டிரம். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் ரயில்தான் ஜெயிக்கும். நாம் ஒலியைக் கூட்டும்போது, மூழ்காமல் மேலே மிதக்கும் உச்ச ஓசைகளே இன்னும் கூர்மையாகின்றன. ஆகவே முதல் பாடம் வெறும் இடம், நேரம் பற்றியது. வீட்டில், இரவில், காதை மூடிக்கொள்ளும் ஹெட்போனில், நடுத்தர ஒலிக்கும் கொஞ்சம் கீழே வைத்துக் கேளுங்கள். ரயிலில்தான் கேட்பேன் என்றால் இரைச்சலைத் தணிக்கும் வசதியுள்ள ஹெட்போன் வேண்டும். அது இந்த உறுமலைத்தான் முதலில் அடக்கும். இதற்காக கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்குப் போய், ஒலிக்கருவிக் கடைகளில் சம்பளத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. மின்விசிறியை ஒரு படி குறைப்பது அதைவிடப் பெரிய முன்னேற்றம் தரும். சொந்த அனுபவம்.

ஒரு விடுமுறை நாள் இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இந்த முறை பாடகி அறைக்குள் வந்துவிட்டார். ஒரு வரி தொடங்குமுன் இழுக்கும் மூச்சு கேட்டது. உதடு பிரியும் ஓசை கேட்டது. வரியின் கடைசிச் சொல் பாதி பாட்டாகவும் பாதி பேச்சாகவும் விழுவது கேட்டது. கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் பாடகரின் உதடு நமக்குக் கேட்காது.

இதன் சூட்சுமம் மைக்கில் இருக்கிறது. ஒரு திசையிலிருந்து வரும் ஒலியை மட்டும் முக்கியமாக வாங்கும் மைக்குகள் உண்டு. அவற்றின் அருகே வாயைக் கொண்டுபோகக் கொண்டுபோக, குரலின் அடிப்பகுதி தானாகவே கனத்துக்கொண்டே வரும். பிறகு, உரத்த இடங்களைத் தணித்து மொத்தத்தையும் தூக்கிவிடும் ஒரு வேலையைக் கணினியில் செய்வார்கள். மூச்சும் முணுமுணுப்பும் சொல்லுக்குச் சமமாக மேலே வந்துவிடும். இன்னொன்று, ஒரே வரியை இரண்டு முறை பாடி, ஒன்றை இடக் காதுக்கும் மற்றதை வலக் காதுக்கும் விடுவது. இரண்டுக்கும் நடுவே உள்ள மயிரிழை வித்தியாசம்தான் குரலுக்கு அந்தப் பஞ்சுத்தன்மையைத் தருகிறது. கனவு மாதிரி இருக்கிறது என்று சொல்கிறோமே, அதில் பாதி இந்தத் தச்சுவேலைதான். மறுபாதி சுரங்களில் இருக்கிறது. மேற்கத்தியர் மேஜர் செவன்த் என்று சொல்லும் கட்டில், சங்கராபரணத்தின் ச, க, ப மூன்றோடு காகலி நிஷாதமும் (மேல் ச-வுக்குச் சற்றே கீழே நிற்கும் நி) ஒன்றாக ஒலிக்கும். நம் பாட்டில் அந்த நிஷாதம் மேல் ஷட்ஜத்தில் போய் விழாமல் இருக்காது. இங்கே அது, வீட்டுக்குள் வரலாமா வேண்டாமா என்று வாசற்படியில் தயங்கும் விருந்தாளி போல நின்றுகொண்டே இருக்கும். இந்த வகைப் பாட்டுகளில் இந்தக் கட்டு அடிக்கடி வரும்; காதுக்குப் பிடிபட்டுவிட்டால் மயக்கம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் மயக்கம் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

என் அம்மாவிடம் ஒரு பாட்டைப் போட்டுக்காட்டினேன். செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் வளர்ந்தவர். இன்றும் ஒலி 96.8 வானொலி ஓடாமல் சமைக்க மாட்டார். அரை நிமிடம் கேட்டார். "பாவம், காய்ச்சலா இந்தப் பிள்ளைக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அம்மா பி.பி.ஸ்ரீனிவாஸ் கட்சி. டி.எம்.எஸ். கட்சியான அப்பாவோடு அவர் போட்ட சண்டைகளைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். "உங்கள் ஆளும் இப்படித்தானே பாடினார்? அவருக்கென்ன, காய்ச்சலா?" என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் மெதுவாகப் பாடினார். இது மெல்லுகிறது" என்றார்.

அந்தக் கேள்வியைச் சும்மா வாய்க்கு வந்தபடி கேட்டேன். பிறகு யோசிக்க யோசிக்க, விடை அதில்தான் இருக்கிறது என்று தோன்றியது. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கொட்டகையின் கடைசி ஆள் வரை குரலை எட்டவைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவை ஒரு பாணியை உண்டாக்கியது. மைக் வந்த பிறகு ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீனிவாஸும், கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது என்பதைப் புரிந்துகொண்டு பாடினார்கள். 1962இல் வந்த 'மயக்கமா கலக்கமா' பாட்டைத் தொண்டை திறந்து பாடிப் பாருங்கள். அந்த ஆறுதல் அறிவுரையாக மாறிவிடும். ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதை அந்த அளவு ஒலியில்தான் சொல்ல முடியும். ஆக, தணிந்த குரலை ரசிக்கும் காது தமிழனுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கிளேரோ செய்வது அதே திசையில் இன்னும் நாலு அடி தள்ளிப் போவது. இந்த ஆல்பத்தைத் தொடங்கச் சிரமப்படும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி இது: அதற்கு முன் இரண்டு பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள். காது தணிந்து உட்கார்ந்துகொள்ளும். நேரே ஒரு குத்துப்பாட்டிலிருந்து இதற்குத் தாவினால் ஒன்றும் கேட்காது.

இந்த வகை இசைக்கு வழங்கும் 'படுக்கையறைப் பாப்' என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2017இல் இவர் தன் அறையில், மடிக்கணினியின் கேமரா முன்னால் உட்கார்ந்து, தலைகூடச் சரியாக வாராமல் 'பிரிட்டி கேர்ள்' என்ற பாட்டுக்கு வாயசைத்து ஒரு காணொளி போட்டார். அது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அப்போது ஒட்டிய முத்திரை இது. ஆனால் 'இம்யூனிட்டி' அறைக்குள் தனியாகச் செய்ததல்ல. வாம்பயர் வீக்எண்ட் என்ற ராக் இசைக்குழுவில் இருந்த ரோஸ்டம் பட்மங்லிஜ் இவரோடு சேர்ந்து தயாரித்தார். சில பாடல்களுக்கு ஹைம் இசைக்குழுவின் சகோதரிகளில் ஒருவரான டேனியல் ஹைம் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அதே 2019இல் வந்த பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம்தான் உண்மையிலேயே லாஸ் ஏஞ்சலஸ் வீடொன்றில், அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. அதுவோ அரங்கமே அதிரும்படி ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதும் வாங்கியது. எனவே எந்த அறையில் பதிவானது என்று ஆராய்வதில் பயனில்லை. பாடுகிறவர் நம்மை எவ்வளவு தூரத்தில் வைத்துப் பாடுகிறார் என்பதுதான் கணக்கு.

கிளேரோவின் அப்பா விளம்பரத்துறையில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் தயவில்தான் இசைப்பதிவு ஒப்பந்தம் கிடைத்தது என்றொரு புகைச்சலும் உண்டு. சபா மேடையில் ஒரு பிள்ளை நன்றாகப் பாடிவிட்டால், 'யார் வீட்டுப் பெண்' என்றுதான் நாமும் முதலில் கேட்கிறோம். செல்வாக்கு மேடை வரை கொண்டுபோய் விடும். மேல் சட்ஜத்தை அதுவா பிடித்துக் கொடுக்கும்?

ஆல்பத்துக்கு வருகிறேன். கலைத்துப்போட்டுக் கேட்கும் பொத்தானை அணைத்துவிட்டு வரிசையாகவே கேளுங்கள். மொத்தமே 40 நிமிடம் போல. முதல் பாட்டு 'ஏல்வைஃப்'. பாஸ்டன் ரயிலின் சிவப்புப் பாதையில் கடைசி நிலையத்தின் பெயர் அது. எட்டாம் வகுப்பில் உயிரை விட நினைத்த ஓர் இரவில் தன்னைக் காப்பாற்றிய தோழிக்குச் சொல்லும் நன்றி. இவ்வளவு கனமான விஷயத்தை வைத்து ஆல்பத்தைத் தொடங்குகிறவர், குரலில் ஒரு சொட்டு நடிப்பும் சேர்ப்பதில்லை. நம் ஊர் சினிமாவில் இந்த இடத்துக்கு நாற்பது வயலின்கள் வந்திருக்கும். மூன்றாவது பாட்டான 'குளோசர் டு யூ'வில் சுருதி திருத்தும் கருவியை வேண்டுமென்றே அளவுக்கு மீறித் திருகி, குரலை உலோகமாக்கியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் அது ஒட்டவில்லை. மாணவிக்கு அதுதான் உயிர். விட்டுவிட்டேன்.

ஐந்தாவது 'பேக்ஸ்'. ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் என்றால் இதைக் கேளுங்கள். ஒரு பெண்ணின் மேல் இன்னொரு பெண்ணுக்கு ஏற்படும் ஈர்ப்பு. அதைச் சொல்லிவிட்டால் உள்ளதும் போய்விடுமோ என்ற பயம். அவள் கிளம்பிப் போய்விடுவாளோ என்ற தவிப்பு. டிரம்ஸ் திடமாக, எதிரொலியின் பூச்சு அதிகம் இல்லாமல், முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. கிட்டார் அதன் மேல் படர்கிறது. தாளம் இவ்வளவு தைரியமாகப் போகும்போது குரலும் துள்ளி எழும் என்று காது எதிர்பார்க்கும். எழாது. ஒவ்வொரு வரியும் சின்னதாகத் தொடங்கி, முடிவில் கீழே சாய்ந்துவிடும். சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்ளும் பெண்ணின் கதையை வேறு எந்தக் குரலில் பாடுவது? இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. இவருக்குக் குரல் இல்லாததால் தணிந்து பாடவில்லை. பொருள் கேட்கிற அளவுக்கு மட்டும் கொடுக்கிறார். 'பாவம்' (பொருளின் உணர்வைக் குரலில் காட்டுவது) என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். சொல்லிக்கொடுக்கிறோமே தவிர, பிள்ளைகளிடம் கடைசியில் மதிப்பெண் போடுவது உரத்த குரலுக்குத்தான்.

'சோஃபியா' ஏழாவது. இணையத்தில் பரவிப் பலருக்கும் தெரிந்த பாட்டு அது ஒன்றுதான். அதனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். துள்ளலான பாட்டு என்று நினைத்து வந்தவர்கள் மற்ற பத்தையும் தூக்கம் வருகிறது என்று தள்ளிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த இரண்டு மூன்று பாடல்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். அவற்றை நான் தனியாக எடுத்துக் கேட்பதில்லை. கடைசிப் பாட்டு 'ஐ வுடன்ட் ஆஸ்க் யூ' வேறு ரகம். ஏழு நிமிடத்தை ஒட்டிய நீளம். பதினேழு வயதிலேயே இவருக்கு மூட்டுவாதம் இருப்பது தெரியவந்தது. உடம்பு ஒத்துழைக்காமல் இன்னொருவர் கையை எதிர்பார்க்க நேரும் நிலைதான் பாட்டு. பியானோவும் சிறுவர்களின் கூட்டுக்குரலும் மட்டும் நீண்ட நேரம். நடுவில் அதுவே தாளத்தோடு இன்னொரு பாட்டாக மாறுகிறது. ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இதன் முதல் பாதி சுலபமாகவே இருக்கும்.

பாடல் வரிகளை முதல் தடவையே கையில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள் என்பேன். சொற்களைப் பாதி மென்று பாடுவது அவருடைய பாணி. எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் கண் முந்திக்கொண்டு காதுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். சில நாள் புரியாமலேயே ஓடட்டும். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது ஒரு வரி தானாகவே தெளிவாக விழும். அதற்குப் பிறகு வரிகளைத் தேடிப் படித்தால் தப்பில்லை.

இதெல்லாம் அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சப்சோனிக் ஐ குழு 2017இல் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ஸ்' என்ற முதல் ஆல்பத்தையும், ஸோப்ஸ் குழு 2018இல் 'டெல்டேல் சைன்ஸ்' ஆல்பத்தையும் இங்கே சிங்கப்பூரிலேயே செய்தார்கள். கிளேரோவைவிட கிட்டார் சற்றுக் கூடுதல். மென்மை அதே குடும்பம். எஸ்பிளனேட் கலையரங்கம் திறந்த 2002ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் பேபீட்ஸ் இசை விழாவில் இப்படிப்பட்ட உள்ளூர்க் குழுக்களை இலவசமாகவே பார்க்கலாம். ஒன்று மட்டும்: கடற்காற்றும் கூட்டமுமாக இருக்கும் திறந்த வெளியில் இந்த வகைப் பாட்டுக்குப் பாதி வலு போய்விடும். நான் போன நாளில் மேடையில் பாடிய ஒரு பெண், டிரம்ஸை மீற முயன்று கடைசியில் கத்தவே வேண்டியதாயிற்று. ஆல்பத்தில் கேட்டுப் பழகிவிட்டுப் போனால், மேடையில் காணாமல்போனது என்னவென்று நமக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் பாணியை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு முறை பாடிப் பதிவுசெய்து பார்ப்பதே சிறந்த வழி. மாணவியின் வீட்டில் அவளும் பாட்டியும் ஒரே அறை. இரவில் பாட வேண்டுமென்றால் மெதுவாகத்தான் பாட முடியும்; அடுக்குமாடி வீட்டில் இந்த இசை ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதனால் பதிவை என் வீட்டில் வைத்துக்கொண்டோம். முதலில் வீட்டுப் பாதுகாப்பறைக்குள் உட்கார்ந்தோம். 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருக்குமே, இரும்புக் கதவு போட்ட காங்கிரீட் அறை, நாம் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அடுக்கிவைப்பது. வெளிச்சத்தம் வரவே வராது. ஆனால் நாலு பக்கமும் வெறும் காங்கிரீட் என்பதால் உள்சத்தம் எல்லாம் சுவரில் மோதித் திரும்பி, குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதாகக் கேட்டது. பிறகு படுக்கையறைக்கு வந்து, புடவை அலமாரியின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, அதன் முன் மைக்கை வைத்தோம். பட்டும் பருத்தியும் எதிரொலியை உறிஞ்சிவிட்டன. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில். நேராகப் பாடினால் ப, த போன்ற வல்லினங்கள் மைக்கில் வெடிக்கும்.

பாடியது நானும்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அடிக்குரலில் சுருதி நிற்பது பெரும்பாடு. மூச்சைக் குறைத்ததும் ஸ்வரம் கீழே நழுவுகிறது. உரத்துப் பாடும்போது குரலின் பலமே மறைத்துவிடும் சின்னச் சின்னக் கோணல்கள் எல்லாம் இங்கே பளிச்சென்று தெரிகின்றன. அதிகாலையில் மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்க்குரலில், சாதகம் செய்யச் சொல்லி நம் பெரியவர்கள் வற்புறுத்தியது இதற்காகவே இருக்கலாம். இப்போது என் வகுப்பில் முதல் பத்து நிமிடம், சுருதிப் பெட்டியை மிகவும் தணித்துவைத்து, அதற்கும் கீழே பாடும் பயிற்சி. பெற்றோர் சிலர், "பிள்ளை பாடுவதே கேட்கவில்லையே" என்று கதவோரம் எட்டிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் அன்று தெரிந்தது. என் வரியை இரண்டு முறை பாடி ஒன்றன் மேல் ஒன்று வைத்தபோது கூழாகிவிட்டது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இரண்டு முறையும் ஒன்றுபோல் வராது; இரண்டு அசைவுகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். நேர்ச்சுரமாகப் பாடினால்தான் இரண்டு குரலும் பிசிறில்லாமல் ஒட்டும். கிளேரோவின் மெட்டுகள் ஏன் அத்தனை எளிமையாக இருக்கின்றன என்பதில் இந்தத் தொழில்நுட்பத்துக்கும் பங்கிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. "டீச்சர், கமகத்தை விட்டுவிடுங்கள்" என்றாள் மாணவி. இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அவள் இப்போது தமிழில் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, அதே அலமாரியின் முன் பதிவுசெய்கிறாள். பல்லவியில் ஓரிடத்தில் காந்தாரத்தை அசைத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. அங்கே மட்டும் ஒற்றைக் குரலாக விட்டால் கூழாகாது என்று வழியும் சொல்லிவிட்டேன். அசைத்தால் பாட்டு திடீரென்று மேடையேறிவிடுகிறது என்பது அவள் கட்சி. இரண்டு விதமாகவும் பதிவுசெய்து வைத்திருக்கிறோம். அம்மாவிடம் போட்டுக்காட்டியதில், அவர் இரண்டுமே ஒன்றுதானே என்கிறார்.